புள்ளிக் கணக்கு கூடுகிறது, ஊரில் விளக்கு குறைகிறது: செட்டிநாட்டு ஊர்கள் ஏன் காலியாகின்றன?

கேள்வி: இரண்டாம்கட்டு எழுதியது

அனைவருக்கும் வணக்கம். சென்ற தை மாதம் எங்கள் வீட்டுப் படைப்புக்காக (முன்னோருக்குப் படையலிடும் வழிபாடு) நான்கு நாட்கள் ஊருக்குப் போயிருந்தேன். காரைக்குடியிலிருந்து பொன்னமராவதி போகும் பக்கத்தில் உள்ள சிற்றூர் எங்களுடையது. படைப்பு முடிந்த மறுநாள், விளக்கு வைக்கும் நேரத்தில், எங்கள் தெருவின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிவரை நடந்து, எந்தெந்த வீட்டு முகப்பில் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணிப் பார்த்தேன். 31 வீடுகளில் 5 வீடுகளில்தான் விளக்கு எரிந்தது. அவற்றிலும் இரண்டில் இருந்தவர்கள் எங்களைப்போல் விசேஷத்துக்கு வந்தவர்கள். ஒன்றில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் குடும்பம். ஊரிலேயே இருந்து உலை வைக்கிறவர்கள் என்றால், 80 வயதைக் கடந்த ஆச்சிமார் இருவர் மட்டுமே.

அன்று காலையில்தான், எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தின் நகரச் சிவன் கோவிலில் புள்ளி வரி கட்டிவிட்டு வந்திருந்தேன். மற்றப் பகுதி நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: திருமணமான ஒரு தம்பதி எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப் புள்ளி. கோவில் ஏட்டில் எங்கள் ஊருக்கு இருக்கும் புள்ளிகள் என் ஐயா (தாத்தா) காலத்தைவிட இப்போது அதிகம். பெயர்களுக்கு எதிரே சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், கோலாலம்பூர், அமெரிக்கா என்று முகவரிகள் நீண்டுகொண்டே போகின்றன. ஏட்டில் வளர்ந்துகொண்டே போகும் ஓர் ஊர், தெருவில் இப்படி ஆளற்றுக் கிடப்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

பர்மாவில் நம்மவர்கள் நடத்திய வட்டித் தொழிலை இழந்ததால் வந்த விளைவு என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். ஆனால் அது நடந்து இரண்டு, மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. என் சிறு வயதில், 1980-களில், கோடை விடுமுறைக்குப் போகும்போது தெருவில் பாதி வீடுகளிலாவது ஆள் இருந்தார்கள். அப்படியானால் இது எப்போது தொடங்கியது, இன்னமும் ஏன் நிற்கவில்லை? இதை நிறுத்த நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

இன்னொரு கேள்வி என் சொந்த வீட்டைப் பற்றியது. 1909-இல் கட்டிய இரட்டை வீடு. இன்று 17 பங்கு. பழைய சாமான் வியாபாரி ஒருவர், வீட்டைப் பிரித்துத் தூண், நிலை, உத்தரம், கதவு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு விலை பேசியிருக்கிறார். பங்காளிகளில் சிலர் சரி என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை திறக்கிற வீட்டுக்கு ஓடு மாற்றவும் வெள்ளையடிக்கவும் வரி கட்டவும் ஆகும் செலவு அவர்களுக்கும் சுமைதான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ரங்கூன் பேரன் எழுதியது

ஆச்சி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நம் ஊர்கள் ஆண்கள் ஆண்டு முழுவதும் வீட்டில் இருப்பார்கள் என்று எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் திரும்பி வருவதற்காகக் கட்டப்பட்டவை. அங்குள்ள வட்டிக் கடைக்கு ஆளாகப் போகிறவருக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு. அது முடிந்ததும் ஊருக்கு வந்து சில மாதங்கள், சில சமயம் ஓரிரு ஆண்டுகள் தங்கி, வீட்டுக் காரியங்களைப் பார்த்துவிட்டு மறுபடி கப்பல் ஏறுவார்கள். அவர்கள் இல்லாத நாட்களில் வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார், அதாவது வீட்டுப் பெண்கள். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவை (உள் முற்றத்தை) சுற்றி ஓர் அறை, ஓர் அடுப்பு என்று தனித்தனியாக இருந்ததால், ஆண்கள் யாரும் இல்லாத காலத்திலும் ஒரு வீட்டில் நான்கைந்து உலை கொதித்தது. எனவே 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் தெருக்களில் ஆண்கள் குறைவாக இருந்திருப்பார்கள். ஆனால் ஊர் நிறைந்திருந்தது.

மண்ணையும் பார்க்க வேண்டும். வைகைக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமி இது. கண்மாயும் ஊருணியும் நிரம்பினால் ஒரு போகம், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் கொண்டு வந்து இறக்கிய செல்வத்தில் ஒரு காசுகூட இந்த மண்ணில் விளைந்ததில்லை. வெளியிலிருந்து வரும் பணத்தால் நிற்கும் ஊருக்கு, அந்தப் பணம் வரும் வழி அடைபட்டால் வேறு பிடிமானம் கிடையாது.

அந்த வழி எப்படித் திறந்தது, எப்படி அடைபட்டது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பர்மா போச்சு என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐராவதிக் கழிமுகத்தின் அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. காட்டைத் திருத்தி வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு முன்பணம் வேண்டியிருந்தது, பெரிய வங்கிகள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை, கொடுத்தவர்கள் நம்மவர்கள். 1929-30-இல் பர்மாவின் நிலையை ஆராய்ந்த வங்கி விசாரணைக் குழு, அங்கே செட்டியார் கடைகள் ஏறத்தாழ 1,650 என்றும் அவற்றில் புழங்கிய மூலதனம் 75 கோடி ரூபாய் அளவுக்கு என்றும் மதிப்பிட்டது. அந்தக் குழு கணக்கெடுத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலங்கள் கைக்கு வந்து சேர்ந்தன. முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், 1938-க்குள் 25 விழுக்காடு ஆயிற்று. நிலம் கையில் சேரச் சேர, புழங்கும் பணம் மண்ணில் முடங்கியது. அந்த மண்ணைப் பறிகொடுத்த மக்களின் கோபமும் அதே அளவுக்கு வளர்ந்தது. அந்தக் கோபத்துக்கு நியாயம் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டு விழுந்தது. 1948-இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டு வந்தது. 1963-இல் வங்கிகளும் 1964-இல் கடைகளும் அரசுடைமை ஆயின.

என் ஐயா 1942-இல் அரக்கான் வழியாக நடந்து வந்தவர். போர் முடிந்ததும் மறுபடி போய், 1964-இல் கட்டிய வேட்டியோடு திரும்பினார். கடையிலிருந்து மாதந்தோறும் ஊருக்குத் தபாலில் வந்துகொண்டிருந்த ஐந்தொகைத் தாள்கள் (வரவு செலவு இருப்புக் கணக்கு) எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் கட்டுக்கட்டாக இருந்தன. அவை செல்லாக் காகிதம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் 1978-இல் கண்மூடும்வரை ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜையன்று அந்தக் கட்டுகளை எடுத்து, தூசி தட்டி, மேல் தாளில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுபடி பெட்டிக்குள் அடுக்கிவிடுவார். பக்கத்தில் நின்று நூல் கட்டித் தருவது என் வேலை. நூலின் முடிச்சை அவர் எப்போதும் இடப்பக்கமே வைப்பார்.

இத்தனைக்குப் பிறகும் வீடுகள் ஒரே நாளில் பூட்டப்படவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். பர்மா போய்க்கொண்டிருந்த காலத்திலேயே விவரமறிந்தவர்கள் பணத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். 1937-இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது; நம் மக்களின் உலகம் அன்று எந்த மூன்று புள்ளிகளில் நின்றது என்பதை அது காட்டுகிறது. பிறகு சென்னை, கோயம்புத்தூர், மதுரை என்று ஆலைகளும் கம்பெனிகளும் வந்தன. பர்மாவுக்கு ஆண் மட்டும் போனார். சென்னைக்குக் குடும்பத்தோடு போனார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, மருத்துவர் அங்கே, அடுப்பும் அங்கே. என் கணிப்பில் நம் ஊர்கள் காலியாகத் தொடங்கியது ரங்கூன் கடை மூடியபோது அல்ல. ஆச்சிமார் ஊரைவிட்டுக் கிளம்பியபோது. அது 1950-களில் தொடங்கி, நீங்கள் பார்த்த 1980-களில் அரைவாசி முடிந்திருந்தது. அப்போது நீங்கள் பார்த்த பாதி வீடுகளில் இருந்தவர்கள், கிளம்ப மறுத்த அந்தத் தலைமுறையின் கடைசிப் பேர். அவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பின்னால் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

நாட்டரசன்கோட்டையில் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, எங்கெங்கோ இருக்கும் புள்ளிகள் வந்து நூற்றுக்கணக்கான பானைகளை வரிசையாக வைத்துப் பொங்கலிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். வர ஒரு காரணம் இருந்தால் நம்மவர்கள் வருவார்கள். முன்பு 96 ஊர்கள் என்பார்கள். இன்று 70-க்குச் சற்று மேல்தான் கணக்கில் நிற்கின்றன. கணக்கிலிருந்து போன ஊர்களிலும் ஒரு காலத்தில் இப்படிப் பானை வைத்திருப்பார்கள்.

பதில் 2: ஊருணிக்கரை எழுதியது

வணக்கம். ரங்கூன் பேரன் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். எதையும் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது தெருவின் வரலாறு. ஊர் அதைவிடப் பெரியது. பெரிய வீடுகளுக்குப் பின்னாலும் ஊருணிக்கு அந்தப் பக்கத்திலும் கண்மாய்க்கரையிலும் குடியிருந்தவர்களின் கணக்கு எந்தப் புள்ளி ஏட்டிலும் இல்லை. நான் அந்தப் பக்கத்துக்காரன். என் அப்பா கொத்தனார். சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துச் சுவரைக் கண்ணாடிபோல் இழைக்கும் பூச்சு வேலையில் கைதேர்ந்தவர். அம்மா ஒரு வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார்.

ஒரு வீட்டில் ஐந்து அடுப்பு எரிந்தால் அந்த வீட்டை நம்பிப் பால்காரர், சலவைத் தொழிலாளி, வேளார், ஆசாரி, பூக்கட்டுபவர், பண்டாரம், சமையல்காரர், வண்டிக்காரர் என்று எத்தனை அடுப்புகள் எரிந்தன என்று எண்ணிப் பாருங்கள். வீடுகள் பூட்டப்பட்ட பிறகு அந்த வேலைகள் ஆண்டுக்கு ஒரு வெள்ளையடிப்பு, எப்போதாவது ஒரு கல்யாணம் என்று சுருங்கின. பின்னர் கல்யாணங்களும் மண்டபங்களுக்குப் போய்விட்டன. கண்மாய்க்கு வரத்துக்கால் தூர்ந்து, உள்ளே சீமைக்கருவேலம் மண்டியது, விவசாயமும் கைவிட்டது. எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூர்க் கட்டட வேலைக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். செட்டியார் வீடுகள் முதலில் காலியாயின என்பது உண்மை. ஊர் காலியாவது இப்போதுதான் நடக்கிறது. உங்கள் தெருவில் 1980-களில் நடந்தது எங்கள் பக்கத்தில் 2010-க்குப் பிறகு நடந்தது.

நான் படித்த தொடக்கப்பள்ளியில் அப்போது ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 90 பிள்ளைகள் இருந்தோம். இந்த ஆண்டு 11 பேர். காலையில் காரைக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த பேருந்தின் ஒரு நடையை நிறுத்திவிட்டார்கள். ஏறுவதற்கு ஆள் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த நடை நின்ற பிறகு, மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைகள் இருந்த மூன்று குடும்பங்கள் டவுனில் வாடகைக்குப் போய்விட்டன. ஆள் குறைந்ததால் பேருந்து நின்றது, பேருந்து நின்றதால் ஆள் இன்னும் குறைந்தது. பள்ளிக்கூடத்துக்கும் இதே கதி வரும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் பயம்.

இப்போது நான் ஆறு வீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் திறப்பேன். முதலில் முகப்பு, பிறகு வளவு, பிறகு பின்கட்டுக் கதவு. அந்தத் தெருவிலிருந்து இந்தத் தெருவரை நேர்கோட்டில் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தால் அரைமணி நேரத்தில் உள்ளே அடைந்த ஈர வாடை போய்விடும். வளவில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். ஓட்டுச் சரிவில் எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓடு நழுவியிருக்கிறது என்று பொருள். அன்றே ஏறிச் சரிசெய்ய வேண்டும். ஒரு ஓட்டை விட்டுவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் கைமரத்தில் இறங்கும். அடுத்த ஆண்டு கரையான். அதற்கடுத்த ஆண்டு அந்தத் தாழ்வாரப் பத்தியே கீழே. தரையும் அப்படித்தான். ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்தது இல்லை. கண்ணாடி மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. நடக்க நடக்கத்தான் அதற்குப் பளபளப்பு. ஆறு வீடுகளிலும் நான் நடந்து போகும் தடம் மட்டும், முகப்பிலிருந்து பின்கட்டுவரை ஓர் ஒற்றையடிப் பாதையாக மின்னுகிறது. இருபுறமும் மங்கிக் கிடக்கிறது.

ஆச்சி, உங்கள் வீட்டைப் பிரித்துக் கொடுப்பது உங்கள் குடும்பத்தின் உரிமை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகளில் அடுக்கியிருக்கும் நிலைகளில் என் அப்பா பூசிய சுவர்களிலிருந்து பெயர்த்தவை எத்தனையோ உண்டு. ஆனால் ஒன்று செய்யுங்கள். வீட்டைப் பற்றிப் பேசுவதற்காகப் பங்காளிகள் கூடும்போது, ஊருணியைத் தூர் வாருவதைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசுங்கள். அந்தப் பேச்சில் எங்களையும் உட்கார வையுங்கள்.

பதில் 3: மூலப்பத்திரம் எழுதியது

நான் காரைக்குடிப் பக்கத்தில் நெடுங்காலம் பத்திரம் எழுதியவன். உணர்ச்சி சார்ந்த பகுதியை மற்றவர்கள் நன்றாக எழுதிவிட்டார்கள் என்பதால் 17 பங்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த வீடுகள் இடிவதற்கு மழை ஒரு காரணம் என்றால் பங்கு இன்னொரு காரணம். கட்டியவருக்கு நான்கு மகன்கள் என்றால் அடுத்த தலைமுறையில் பத்துப் பேர், அதற்கடுத்து முப்பது பேர். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையைத் தமிழ்நாடு 1989-இலும், நாடு முழுவதற்குமான சட்டத் திருத்தம் 2005-இலும் தந்தன. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் தெளிவாக்கியது. இது நியாயமான சட்டம். ஆனால் நம் குடும்பங்கள் பல, பெண் பங்காளிகளைக் கேட்காமலே பழைய வழக்கப்படி பேசி முடித்துக்கொண்டு, பின்னர் கையெழுத்துக்கு வந்து நிற்கின்றன. உங்கள் 17 பங்கில் அத்தைமார் வழிப் பங்குகள் சேர்ந்திருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து, வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் என்றோ காலமானவர் பெயரில் இருக்கும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, நத்தம் பட்டா, ஒவ்வொரு கிளைக்கும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றைத் திரட்டி வைக்காமல் விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது, விடுதி நடத்த வருபவரோடு ஒப்பந்தம் போடவும் முடியாது. ஒவ்வொரு சாவுக்கும் பிறகு இந்த வேலை இரட்டிப்பாகும். ஊரில் மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். எந்தக் கிளை யாரோடு சேர்ந்தது என்பதைச் சொல்ல அவர்கள்தான் இருக்கிறார்கள்.

பங்காளி ஒருவர் தன் பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்றுவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுவீர்கள். வாங்கியவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், குடியிருப்பு வீடு என்பதால், குடும்பத்தில் மற்றவர்கள் நீதிமன்றம் நிர்ணயிக்கும் மதிப்பைக் கொடுத்து அந்தப் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த நிலைவரை போகாமல் காப்பாற்றிய குடும்பங்கள் செய்தது இதுதான்: விருப்பமில்லாதவரின் பங்குக்கு விலை கொடுத்து விடுதலைப் பத்திரம் பெற்றுக்கொண்டார்கள், மிஞ்சியவர்கள் ஒரு குடும்ப அறக்கட்டளையைப் பதிவு செய்து வீட்டை அதன் பெயருக்கு மாற்றி, ஆண்டுச் செலவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று எழுதி வைத்தார்கள். வாய்ப்பேச்சில் நிறுத்தியவர்கள் வீடு இரண்டாம் தலைமுறையில் வழக்கில் நிற்கிறது. உங்கள் பத்திரங்களை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே எதிலும் கையெழுத்திடுங்கள்.

பதில் 4: வெளிநாட்டுப் புள்ளி எழுதியது

நான் ஒசாகாவில் வேலை பார்க்கிறேன்; ஏட்டில் முகவரி நீளும் புள்ளிகளில் நானும் ஒருவன். ஜப்பானியச் சிற்றூர்களில் 65 வயதைக் கடந்தவர்கள் பாதிக்கு மேல் ஆகிவிட்டால் அந்த ஊர் எல்லையைத் தொட்டுவிட்டது என்று கணிக்கிறார்கள். பொதுக் காரியங்களைத் தூக்கிச் செய்ய ஆள் போதாது என்பது அதன் பொருள். 2023-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஏறத்தாழ 90 இலட்சம் வீடுகள் காலி. இங்கேயும் பெரிய தடை, உரிமையாளர் யார் என்று தெரியாததுதான்; ஆகவே 2024 ஏப்ரல் முதல், சொத்து தம் கைக்கு வந்ததை அறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரிசுகள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. மூலப்பத்திரம் ஐயா சொன்னதைப் படித்தபோது அந்தச் சட்டம்தான் நினைவுக்கு வந்தது.

நம் நாட்டிலும் உத்தராகண்டில், 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு மட்டும் 734 ஊர்கள் ஆளற்றுப் போனதாக அந்த மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் கண்டறிந்தது. மலை ஊர்களில் வேலை, பள்ளி, மருத்துவம் ஆகிய மூன்றும் இல்லாததே பெருங்காரணம். ஊருணிக்கரை அண்ணன் சொன்ன பேருந்தும் பள்ளியும் அங்கேயும் அதே வரிசையில் நடந்தவை.

ஒரு கசப்பான கணக்கையும் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். ஆக, இனி ஒருவர்கூட வெளியே போகாவிட்டாலும் சிற்றூர்களில் பிள்ளைகள் குறையத்தான் போகிறார்கள். பழையபடி 31 வீட்டிலும் விளக்கு எரிய வேண்டும் என்று நாம் இலக்கு வைத்தால் தோற்றுவிடுவோம். எட்டு வீட்டில் ஆண்டு முழுவதும் ஆள் இருப்பது, பள்ளி மூடாமல் இருப்பது, காலைப் பேருந்து திரும்புவது ஆகியவை எட்டக்கூடியவை.

2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் பயணிகள் வருகிறார்கள். சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த வருமானம் சாலையோரத்துப் பெரிய ஊர்களில் நின்றுவிடுகிறது. நம் ஊரைப் போன்ற உள்ளடங்கிய ஊருக்கு, தொலைவிலிருந்தே வேலை பார்க்கக்கூடிய இரண்டு குடும்பங்கள் வந்து தங்குவது ஒரு விடுதியைவிடப் பயன் தரும். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பல்கலைக்கழகமும் மின்வேதியியல் ஆய்வகமும் அங்கே இருக்கின்றன. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் அரைமணி நேரத் தொலைவில் குடியிருக்கலாம், பேருந்து இருந்தால்.

மறுமொழி: இரண்டாம்கட்டு எழுதியது

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்து என் அப்பச்சியிடம் (அப்பாவிடம்) படித்துக் காட்டினேன். ஐந்தொகைத் தாள் பற்றிய இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார்.

சென்ற ஞாயிறு பங்காளிகளில் 14 பேர் காணொளியில் கூடினோம். மற்ற மூவரோடு தனியாகப் பேசினேன். இரண்டு அத்தைமார் வழியில் நான்கு பங்குகள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்களை ஒருவரும் இதுவரை கேட்டதே இல்லை. ஒருவர், தன் பங்குக்குப் பணம் வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை வளவில் வந்து தங்க இடம் இருந்தால் போதும் என்றார். வியாபாரியிடம் இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மூன்று பேர் பங்கை விட்டுக்கொடுக்கத் தயார். அதற்கான விலையை மற்றவர்கள் இரண்டு ஆண்டுகளில் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். அறக்கட்டளை பற்றி வழக்கறிஞரிடம் பேசப் போகிறோம். காலைப் பேருந்துக்காக ஊரார் பெயரில் கொடுக்க மனு ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன்; ஊருணிக்கரை அண்ணன் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தந்தால் அதில் சேர்த்துவிடுகிறேன்.

அண்ணன், ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டுக் கிழக்குச் சரிவில் ஓடு நிறைய நழுவியிருக்கிறது. மழைக்கு முன்னால் முடிக்க எப்போது தொடங்க வேண்டும்? படைப்புக்கு வந்திருந்தபோது எங்கள் வளவிலும் அந்த ஒற்றையடித் தடத்தைப் பார்த்தேன். தரை மங்கியதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துவிட்டேன்.

மறுமொழி: ஊருணிக்கரை எழுதியது

ஆச்சி, பிள்ளைகள் கணக்கை நாளையே அனுப்பிவிடுகிறேன். மேல்நிலைப் பள்ளிக்கு 9 பேர், கல்லூரிக்கு 4 பேர் என்று நினைவு. மனுவில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடமும் கையெழுத்து வாங்கலாம்.

ஓட்டு வேலையைச் சித்திரையில் தொடங்கினால் ஆனிக்குள் முடியும். நாட்டு ஓடு புதிதாகக் கிடைப்பது அரிது. பிரித்த வீடுகளிலிருந்து வந்த பழைய ஓடு ஒருவரிடம் அடுக்கி வைத்திருக்கிறது, அதில் நல்லதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஓடு வேயத் தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம். அவருக்கு வயது 67. பங்குனி பிறப்பதற்குள் அவரிடம் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டால் உங்கள் வீட்டுக்கு முதலில் வருவார். அவரோடு ஏற இரண்டு இளைஞர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். அவர்கள் கூலியையும் நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும்.